கரப்புடுப்பு விசாரம்

காவியம் செய்தோரும் சாஸ்திரம் செய்தோரும் போர், காதல், இராச்சிய பரிபாலனம், மோட்ச சாதனம் முதலாய சில்லறை விஷயங்களிலேயே தம் ஆயுளைக் கழித்துவிட்டு, தலையணை உறைக்கு அப்பால் எதையும் தைத்தறியாத ஓர் இல்லாள், ஒரு மழைநாள் மாலையில், அரண்மனைத் தையற்காரரும் அஞ்சத்தக்க ஒரு மகா வஸ்திரத்தைத் தன் வீட்டு விறாந்தையிலேயே தைத்து முடிப்பதென்று சங்கற்பம் செய்துகொள்ளும் அந்த அபூர்வ நிகழ்ச்சியைப் பற்றி ஒரு சூத்திரமேனும் எழுதாது போனமை, நம் அறிவுலகத்துக்கு நேர்ந்த பெருங்குறை என்றே சொல்ல வேண்டும். அக்குறையை ஓரளவு நிவர்த்தி செய்யும் பொருட்டே இவ்விசாரம் எழுந்தது.

ஆராய்ச்சி வசதிக்காக இத்தகைய முயற்சிக்குப் பெருந்தையல் என்று பெயரிட்டுக்கொள்வோம். பாடசாலைச் சீருடை நூறு தைப்பினும் அது பெருந்தையல் ஆகாது. ஏனெனில் அதைத் தைப்பவர் தைக்கத் தெரிந்தவர். தைப்பவரின் கைத்திறனுக்கும் தைக்கப்படும் பொருளின் பருமனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாதிருத்தலே பெருந்தையலின் இலட்சணம். கடைத்தெருவில் இயந்திரம் போட்டுக் காலமெல்லாம் தைத்துவரும் ஒருவரிடம் போய், அரசன் உடுக்கும் உடுப்பொன்று தைத்துத் தருவீரா என்று கேட்டுப் பாருங்கள். அவர் முதலில் கூலி பேசுவார், பிறகு தவணை சொல்வார், மூன்றாந் தரம் போகும்போது கடையைப் பூட்டிக்கொண்டு தேநீர் குடிக்கப் போயிருப்பார். ஒரு சுருக்கு எத்தனை அங்குலத் துணியை விழுங்கும் என்பதை அறிந்தவர் அவர். அறிந்தவருக்கு ஆசை வருவதில்லை. ஆகவே இத்துறையில் அறிவு ஒரு தடை என்பது பெறப்படும். ஆயின் அறியாமை மாத்திரம் ஒரு வஸ்திரத்தை முடித்துவிடுமோ என்ற ஆசங்கை எழுமன்றோ? அதற்கு விடையாக நாம் ஸ்தாபிக்க விரும்பும் சித்தாந்தம் ஒன்றே: பெருந்தையலைத் தொடங்குபவர் தைக்கத் தெரியாதவர், அதை முடிப்பவர், தொடங்காதே என்று தடுத்தவர்.

இச்சித்தாந்தத்துக்குப் பிரத்தியட்சப் பிரமாணம் கிடைத்த இடம் கிரான். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வீதியில், சந்திவெளிக்கும் வாழைச்சேனைக்கும் இடையிலே கிடக்கும் இவ்வூரை அறியாதார்க்கு ஒன்று சொல்லலாம்: மாரி காலத்தில் புலிபாய்ந்தகல் வீதியின்மேல் வெள்ளம் ஏறிவிட்டால், மேற்கேயுள்ள வயற்புறக் கிராமங்களுக்குப் படகிலன்றிப் போக முடியாது. வீட்டைவிட்டு வெளியே இறங்க இயலாத அந்தப் பருவந்தான் மனிதருக்குப் பெரிய யோசனைகள் தோன்றும் பருவம் என்பதை இத்துறை ஆராய்ச்சியாளர் நினைவிற் கொள்ளுதல் நன்று. பெரும்போகம் வெட்டி முடிந்ததும் ஊரிலே கூத்துப் பழகுவதென்றும், அது வடமோடியிலே பாரதத்தின் பதினெட்டாம் போர் என்றும், துரியோதனன் வேஷம் அவ்வூரிலுள்ள எம் நண்பர் ஒருவரின் மைத்துனனுக்குக் கிடைக்கும் என்றும் அம்மழைக்காலத்திலேயே பேச்சாகிவிட்டது.

கூத்து என்றவுடன் ஒரு மணி நேரத்தில் எழுந்து போகும் நாடகத்தை எண்ணிவிடலாகாது. 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தார்க்கு ஏற்பச் சுருக்கி மேடையேற்றியது ஒரு சரித்திரம். ஆனால் மட்டக்களப்பின் கிராமத்துக் களரியிலே கூத்தென்பது இரவு தொடங்கி விடியும்வரை ஆடுவது. சட்டங்கொடுத்தல் என்று பாத்திரங்களைப் பங்கிட்டுப் பாட்டைக் கையிற் கொடுப்பதில் ஆரம்பித்து, கிழமைக் கூத்து, சதங்கையணிதல், அடுக்குப் பார்த்தல் என்று மாதக்கணக்கிலே பழகி, கடைசியில்தான் அரங்கேற்றம். கூத்தின் இரு மோடிகளுள் தென்மோடிக்காரரின் உடை இலேசானது. வடமோடி அரசர்களுக்கோ கரப்புடுப்பு. களப்பிலே மீன்மேல் கவிழ்க்கும் கரப்பை ஒத்த அமைப்பில், பிரம்பு வளையங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டி, துணி போர்த்தி, சுருக்கு வைத்து, ஜரிகை ஓட்டி, இடுப்பிலே மாட்டிக்கொள்வது அது. தலையிலே கிரீடம், மார்பிலே பதக்கம், காலிலே சதங்கை. இவ்வளவு பாரத்தோடும் சுழன்று சுழன்று ஆடவும் வேண்டும், பாடவும் வேண்டும்.

ஐரோப்பிய சரித்திரத்திலும் இதற்கு ஒப்பான ஒரு பொருள் உண்டு. 1856ஆம் ஆண்டிலே உருக்கு வளையங்களால் ஆன கூட்டுப் பாவாடைக்கு அங்கே காப்புரிமை எடுத்தார்கள். கிரினோலின் என்று அதற்குப் பெயர். அதை அணிந்த சீமாட்டிகள் கதிரையில் அமரவும் வண்டியில் ஏறவும் பட்ட அவஸ்தை அக்காலத்துப் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர்க்கெல்லாம் சோறு போட்டது. ஆனால் அங்கே அதைச் சுமந்தவர்கள் தேநீர் விருந்துக்குப் போன பெண்கள். இங்கே சுமப்பவர்கள் குருக்ஷேத்திரத்துக்குப் போகும் ஆண்கள். இரண்டு நாகரிகங்களுள் எது கூடுதலான தைரியம் உடையது என்ற தீர்ப்பை வாசகருக்கே விட்டுவிடுகிறோம்.

இத்தகைய உடுப்புகள் வாடகைக்கு எடுக்கப்படுதலும், பழகிய கைகளாற் கட்டப்படுதலும் வழக்கம். எம் நண்பரின் மனைவியார்தாம் அவ்வழக்கத்தை முறித்தவர். “தம்பிக்கு வாடகை உடுப்புத் தேவல்ல, நான் தைச்சுத் தாறன்” என்று அவர் சொன்னபோது வீட்டிலே மழைச்சத்தம் ஒன்றே கேட்டது. பிறகு அவருடைய தாயார், “என்னகா மகள், தலகாணி உறையிலயே நூல் நேராப் போகல்ல, நீ ராசாட உடுப்புத் தைக்கப் போறியா?” என்று வினவினார். தருக்க சாஸ்திரத்தில் இதைப் பூர்வபட்சம் என்பர்.

நண்பரும் மறுத்தார், ஆனால் அவருடைய மறுப்புக்கு வலு குறைவு. மட்டக்களப்புத் தமிழர் வழமையில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. மணமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்பவன். வந்து சேர்ந்தவர் விறாந்தையில் என்ன தைக்கலாம், என்ன தைக்கலாகாது என்று கட்டளையிடுதல் முறையன்று. ஆயினும் அவர் கணித ஆசிரியர் ஆதலால், கட்டளையை விட்டுக் கணக்கைக் கையில் எடுத்தார். மேல்வளையம் 2 அடி விட்டம், நடுவளையம் 2¾ அடி, கீழ்வளையம் 3½ அடி என்று கொண்டால் சுற்றளவுகள் முறையே 6¼ அடி, 8⅔ அடி, 11 அடி என்ற கணக்கில் வரும். சுருக்கு நன்றாக விழுவதற்கு மூன்று மடங்கு துணி வேண்டும். ஆக மொத்தம் ஏறத்தாழ 26 யார், அதாவது ஆறு யார்ச் சீலைகள் நான்கும் மேலே இரண்டு யாரும். இக்கணக்கைக் கேட்டால் மனைவி பின்வாங்குவார் என்பது அவருடைய அனுமானம். அவரோ, “நாலு சீலதானே?” என்று எழுந்து போய்ப் பெட்டகத்தைத் திறந்தார். அச்சமூட்டுவதற்காகச் சொல்லப்படும் எண்கள் கொள்முதற் பட்டியலாக மாறிவிடுவது பெருந்தையலில் அடிக்கடி காணப்படும் விபரீதம்.

கணக்கு அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் 26 யாருக்கு மேலே ஒரு தையல், கீழே விளிம்புக்கு ஒரு தையல், ஆக 52 யார். அங்குலத்துக்குப் பத்துத் தையல் விழுமாயின் 18,720 தையல் என்று அவர் மேலும் சொன்னார். அப்போது அவருக்கு ஒரு சரித்திரச் செய்தி ஞாபகம் வந்தது. 1845இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் எலியாஸ் ஹௌ என்பவர் தாம் ஆக்கிய இயந்திரத்தை ஐந்து தையற்காரிகளுக்கு எதிரே பந்தயத்தில் ஓட்டி வென்றார். அது நிமிஷத்துக்கு 250 தையல் போட்டது என்பது பிரசித்தம். 18,720ஐ 250ஆல் வகுத்தால் ஒன்றேகால் மணி நேரம்! மறுப்பதற்கென்று தொடங்கிய கணக்கு, காலை ஆகாரத்துக்கும் மத்தியானச் சமையலுக்கும் நடுவே உடுப்பு முடிந்துவிடும் என்ற முடிவிலே வந்து நின்றது. நண்பர் பென்சிலை வைத்துவிட்டார்.

இவ்விடத்தில் சற்றே விலகி ஒன்று சொல்ல வேண்டும். தையல் இயந்திரம் மனிதரின் வேலையைக் குறைத்தது என்று எழுதுவோர் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பதில்லை. ஹௌ காப்புரிமை பெற்றது 1846. ஐசக் சிங்கர் பெற்றது 1851. வளையப் பாவாடை வந்தது 1856. பாவாடையோ, இயந்திரம் வந்த பத்தே வருஷத்தில் வாயிற்கதவை அடைக்கும்படி விரிந்தது. அதன்மேல் சரிகையும் சுருக்கும் அடுக்கடுக்காக ஏறின. மிச்சமான நேரத்தை எந்தப் பெண்ணும் கையைக் கட்டிக்கொண்டு கழித்ததாகத் தெரியவில்லை. இயந்திரம் ஆசையைப் பெருக்கிற்று. வேலை அதன் பின்னாலேயே பெருகிற்று. சிங்கர் நிறுவனத்தார் 1877இலே இலங்கையில் கால் வைத்த நாள்தொட்டு நம் வீட்டு விறாந்தைகளிலும் இதே கதைதான்.

கிரானில் அவ்வீட்டிலிருந்த இயந்திரம் அம்மம்மா காலத்தது, காலால் மிதிப்பது. 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு அடித்த சூறாவளியில் கூரை பறந்து போக, இரும்புக் கால்களோடு அசையாமல் நின்றது என்று இன்றும் சொல்கிறார்கள். சூறாவளிக்கு அசையாத அப்பொருள், தைக்கத் தெரியாதவருக்கு மாத்திரம் இசைந்து கொடுக்குமா? மிதிபலகையை முன்காலால் அழுத்துவதா குதியால் அழுத்துவதா என்ற தயக்கம் ஒரு கணம் வந்தாலும் போதும், சக்கரம் பின்னோக்கிச் சுழன்று நூலை அறுத்துவிடும். சக்கரத்தைக் கையாலே தம் பக்கமாக ஒரு தரம் உருட்டிவிட்டு, அந்த ஓட்டத்திலே கால் சேர வேண்டும். அது கைவந்த பிறகு, மேல்நூலின் தளர்ச்சி என்னும் அடுத்த சோதனை. மேலே பார்த்தால் தையல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். ஒரு யார் தைத்துத் துணியைத் திருப்பிப் பார்த்தால் அடியிலே நூல் கொத்துக் கொத்தாகத் திரண்டு கிடக்கும். அதற்குக் காரணம் கீழேயுள்ள பொபின் என்று எண்ணி அதைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவது புதிதாய்ப் பழகுவோர் எல்லாரும் செய்யும் அபசாரம். குற்றவாளி மேலே இருக்கிறான். தண்டனை அனுபவிப்பவன் கீழே இருக்கிறான். இராச்சிய தந்திர நூலாருக்கும் இது பயன்படலாம்.

அளவெடுப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. நம் நாட்டிலே தையற்கலையின் மூலாதாரம் அளவுச் சட்டை. பழைய சட்டையொன்றைக் கொடுத்து இதேபோல் என்று சொல்லிவிட்டால் தைப்பவரும் தைப்பிப்பவரும் நிம்மதியாக உறங்கலாம். அங்குல நாடா அதற்கு அப்புறந்தான். துரியோதனனுக்கு அளவுச் சட்டை எங்கே தேடுவது? கடதாசியில் வெட்டிப் பார்க்கலாமென்று யோசனை பிறந்தது. அயலிலே, வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்த ஆலை நின்ற வாழைச்சேனை இருக்கையில் கடதாசிக்கா பஞ்சம்? பழுப்புத் தாளிலே வெட்டிய பாவாடையை மைத்துனனுக்குச் சுற்றி, ஒரு தாளக்கட்டுக்கு ஆடச் சொன்னார்கள். முதற் சுழற்சியிலேயே அது எட்டுத் துண்டாகியது. வீட்டுக் குழந்தைகள் மாத்திரம் அந்தப் பரிசோதனை மறுபடி நடைபெற வேண்டுமென்று கோரினர்.

பிரம்பு வளைக்கும் கட்டத்தில்தான் எதிர்ப்பாளர் கட்சி உடையத் தொடங்கியது. வளையம் வட்டமாக வரவில்லை, முட்டையுருவாய் வந்தது. வட்டத்தின் கௌரவம் கெடுவதைக் கணித ஆசிரியர் ஒருவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்? ஈரச்சாக்கிலே பிரம்பைச் சுற்றி ஊறவைத்து, நிலத்தில் முளையடித்து, கயிறு கட்டி, வட்டம் கீறி, அதன்மேல் வைத்து அவரே வளைத்தார். வளைத்து முடித்த பெருமிதத்தில் தம் கடைசி ஆட்சேபத்தையும் வெளியிட்டார்: விறாந்தை வாசற்கதவின் அகலம் 2½ அடி, கீழ்வளையத்தின் விட்டமோ 3½ அடி, ஆதலால் உள்ளே தைக்கப்படும் இவ்வுடுப்பு ஒருகாலும் வெளியே வராது. நிறுவல் பூரணமானது என்றே எமக்கும் பட்டது. வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மாமியார் தலைநிமிராமலே, “சரிச்சுக் கொண்டு போனாப் போகுமே மருமகன்” என்றார். உடுப்பின் உயரம் இரண்டடிதான். எம் நண்பர் கதவையும் வளையத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அடுத்த வளையத்துக்குப் பிரம்பு எடுக்கப் போனார்.

மாமியாரின் சொந்த வீழ்ச்சி அதன் பின்னர் நிகழ்ந்தது. மகள் நடுவரிசைத் துணியை உட்புறம் வெளியே தெரியும்படி முழுவதும் தைத்து முடித்திருந்தார். பிரித்தாக வேண்டும். தைப்பது யாரும் தைக்கலாம். பிரிப்பதற்குத்தான் குணம் வேண்டும் என்பது இத்துறையில் எம் முடிபு. பாதி பிளேட்டை இரு விரலிடையே பிடித்து, துணியின் இரு பக்கத்தையும் மெல்ல விரித்து, இடையிலே தெரியும் நூலை மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்து, பிறகு அடிநூலை ஒரே இழுப்பில் உருவ வேண்டும். அவசரப்பட்டால் அறுவது சீலை. மகளின் கையில் பிளேட் நடுங்குவதைக் கண்ட தாயார், பாக்குரலைத் தள்ளி வைத்துவிட்டு, “கொண்டா இஞ்ச” என்றார். வாங்கியது பிரிப்பதற்கு, ஆனால் பிரித்தவர் சும்மா திருப்பிக் கொடுப்பாரா? சுருக்கு கோணலாக இருக்கிறதென்று கையாலே ஓட்டுத்தையல் போட்டு இழுத்தார். இழுத்ததை இயந்திரத்தில் கொடுத்தால் பழுதாகிவிடும் என்று தாமே அமர்ந்து மிதித்தார். நாலு மடிப்பு சேரும் இடத்தில் ஊசி முறிந்தபோது, பதினாறாம் இலக்கத்து ஊசி வாங்கி வரும்படி மருமகனை வாழைச்சேனைக்கு அனுப்பியவரும் அவரே. தலகாணி உறையைப் பற்றி அதன்பின் பேச்சில்லை.

அயலாரும் அவ்வாறே. முதலில் வேலியின்மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தவர்கள் பிறகு படலையைத் திறந்து வந்து சிரித்தார்கள்; உள்ளே வந்துவிட்டால் கையிலே ஒரு முனையைப் பிடிக்கக் கொடுப்பது இவ்வீட்டு உபசாரம். ஒருத்தி மருதமுனை நெசவிலே ஒரு துண்டு கொணர்ந்தாள்; இன்னொருத்தி தன் பழைய சீலையின் ஜரிகைக் கரையை வெட்டித் தந்தாள்; கூறைச்சீலைகளுக்கு மாத்திரம் விலக்களிக்கப்பட்டது. ஆரம்பித்தவரோ இவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டு, இடையிடையே வந்து, அது அப்படியல்ல இது இப்படியல்ல என்று சொல்லும் உயர் பதவியை அடைந்திருந்தார். பிரான்ஸ் தேசத்துப் பாயே நகரின் பெயரால் வழங்கும், 1066ஆம் ஆண்டு இங்கிலாந்தின்மேல் நடந்த படையெடுப்பைச் சித்திரிக்கும் ஏறத்தாழ 70 மீற்றர் நீளமான ஊசிவேலைத் துணியொன்று உண்டு. அதைச் செய்வித்தவர் ஓடோ என்னும் மேற்றிராணியார் என்று அறிஞர் பலர் கருதுவர். ஊசி பிடித்தவர் ஒருவரின் பெயரும் எஞ்சவில்லை. அங்கேயும் “இதென்ன விசர் வேலை” என்று கேட்டவர்களே கடைசி முழத்தைத் தைத்திருப்பார்கள் என்பது எம் ஊகம்.

இனி, இவ்விஷயத்தில் மிக நுட்பமான பிரச்சினை ஒன்று எஞ்சுகின்றது. பதினெட்டாம் நாட் போரின் முடிவு யாவரும் அறிந்ததே: வீமன் கதாயுதத்தால் துரியோதனனைத் தொடையில் அடிக்க வேண்டும். கீழ்வளையத்தின் ஆரை 21 அங்குலம். 26 யார்த் துணிக்குள்ளே தொடை எங்கே இருக்கிறதென்று வீமன் எங்ஙனம் அறிவான்? ஓங்கி அடித்தால் பிரம்பு முறியும். மெல்ல அடித்தால் பாரதம் முடியாது. நண்பர் இதைப் படம் வரைந்து, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “அடி மத்தளத்திலதான் விழும் மாஸ்டர், தொடையில விழாது” என்று சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். நாடக இலட்சணம் பற்றி நாம் வாசித்த பல நூல்களில் இவ்வளவு தெளிவு இருந்ததில்லை.

ஆயினும் அண்ணாவியாரின் விடை அடிக்கு மாத்திரமே விடை, விழுதலுக்கு அன்று. அடுக்குப் பார்த்தல் முடிந்த மறுநாள் முற்றத்திலே உடுப்பை முதன்முதலாக மாட்டி, ஆடிப் பார்த்து, யாவரும் மெச்ச, மைத்துனன் கடைசியாக அடிபட்டு விழுந்தும் காட்டினான். அப்போது முதுகு மண்ணிலே பட்டதும் வளையங்கள் மூன்றும் ஒருமிக்க மேலே கிளம்பி நிற்க, கௌரவ குலத்தின் கடைசி அரசன் நீலநிறப் பந்தாட்டக் காற்சட்டையோடு அயலார் அனைவருக்கும் தரிசனம் தந்தான். கிரினோலின் அணிந்தோர் காற்றிலே பட்ட அவமானம் இதுவே என்று நாம் எடுத்துரைத்ததை அவ்வேளையில் எவரும் கேட்கவில்லை. மாமியார் மாத்திரம் சிரிக்காமல் எழுந்து வந்தார். அவனை அப்படியே கிடக்கும்படி சொல்லி, கீழ்வளையத்திலிருந்து முழங்கால்வரைக்கும் சாணால் அளந்தார். அன்றிரவு விளக்கை வைத்துக்கொண்டு, உட்புறமாக இரு நாடாக்களை வளையத்தோடு சேர்த்துத் தைத்து, அவற்றை முழங்காலுக்கு மேலே முடிச்சிட்டுக்கொள்ளும்படி செய்தார். ஆடுங்கால் தடுக்காது, விழுங்கால் வளையம் எழாது. இவ்வளவு பாடு எதற்கு என்று மகள் கேட்டபோது, “செத்தாலும் ராசா மாதிரி மானத்தோட சாகணும்கா” என்றார்.

செய்தி ஊரிலே பரவிற்று. அதே நாளில் சாகவேண்டிய சல்லியனும் சகுனியும் வாடகை உடுப்புக்காரர்கள். அவர்கள் வீட்டாருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அரங்கேற்றத்துக்கு முந்திய கிழமையில் இரு வீட்டுப் பெண்களும் ஒருவர்பின் ஒருவராக வந்து நாடாவின் நீளத்தை விசாரித்தனர். வாய்ச்சொல்லால் விளங்காது என்று மாமியார் துரியோதனனுடைய உடுப்பையே வாசலால் சரித்து எடுத்து, அளவுச் சட்டையாக அவர்கள் கையிற் கொடுத்தனுப்பினார்.